பழைய சம்பளத்தைப் புது கம்பெனியிடம் சொல்வதா, வாயை மூடிக்கொள்வதா?

அக்டோபர் மாதம் வேலை மாறிப் போனால், புது கம்பெனி கையெழுத்துக்கு நீட்டும் காகிதக் கட்டில் ஃபார்ம் 12பி என்று ஒன்று இருக்கும். ஏப்ரலிலிருந்து பழைய இடத்தில் வாங்கிய சம்பளம், பிடித்த பிஎஃப், டிடிஎஸ் (சம்பளத்தில் பிடித்த வருமான வரி), பழைய கம்பெனியின் பெயர், வரி பிடிப்பதற்காக அதற்குத் தரப்பட்ட டான் எண் எல்லாம் அதில் எழுத வேண்டும். ஓசூர் சிப்காட்டிலும் போச்சம்பள்ளியிலும் இதை எழுதத் தயங்குகிறவர்கள் வருமான வரித் துறைக்குப் பயந்து தயங்குவதில்லை. ஹெச்ஆர் மேசையில் இருப்பவர் காவேரிப்பட்டணத்துக்காரராக இருப்பார். விசாரித்தால் நம் பெரியப்பா வீட்டுக்குச் சம்பந்தி. எழுதிய தொகை அடுத்த முகூர்த்தத்துக்குள் ஊருக்குள் போய்விடும். அது போகாவிட்டாலும், "அங்கே இவ்வளவுதானே வாங்கினீங்க" என்ற பேச்சு அடுத்த இன்க்ரிமெண்ட் சமயத்தில் வரும்.

துறையிடம் மறைக்கிற பேச்சுக்கே இடமில்லை. இரண்டு சம்பளத்தையும் சேர்த்துத்தான் ரிட்டர்ன் போட வேண்டும். பிடித்த வரியெல்லாம் உங்கள் பான் எண்ணில், வருமான வரித் தளத்தில் இருக்கும் 26ஏஎஸ், ஏஐஎஸ் என்ற இரண்டு பட்டியல்களிலும் ஏறிவிடும். அந்தப் பக்கங்களை நீங்கள் பார்க்கலாம், புது கம்பெனி பார்க்க முடியாது. ஆகவே வழக்கு உங்களுக்கும் கம்பெனிக்கும் நடுவில்தான். 1961 வருமான வரிச் சட்டத்தின் 192(2) பிரிவு, விவரத்தைத் தருவதை ஊழியரின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறது. தந்துவிட்டால் மட்டும் கம்பெனி அதைச் சேர்த்துத்தான் வரி பிடிக்க வேண்டும். (2026 ஏப்ரல் 1 முதல் புதுச் சட்டம் என்பதால் பிரிவு எண்ணும் படிவ எண்ணும் மாறுகின்றன. முந்தைய கம்பெனி வருமானம் என்று கேட்டால் யாருக்கும் புரியும்.)

இரண்டு வழிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்குப் போட்டால்தான் பிடிபடும். 2025-26 நிதியாண்டு, புது வரி முறை. ஒருவர் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் மாதம் 1,00,000 வாங்குகிறார். அக்டோபர் முதல் மார்ச் வரை ஓசூரில் 1,30,000. பழைய கம்பெனி, வருஷத்துக்கு 12 லட்சம், 75,000 நிலைக் கழிவு போனால் 11.25 லட்சம் என்று பார்த்து, 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரியே பிடித்திருக்காது. புது கம்பெனி தான் கொடுக்கும் 7.8 லட்சத்தை மட்டும் பார்த்தால் அதுவும் பிடிக்காது. உண்மையில் மொத்தம் 13.8 லட்சம். கழிவு ஒரு தடவைதான் உண்டு, மீதி 13.05 லட்சம் 12 லட்சத்தைத் தாண்டிவிட்டதால் தள்ளுபடி கிடையாது; வரி, செஸ் சேர்த்து 78,780 ரூபாய். இரண்டு பேரும் ஒரு பைசா பிடிக்காமல் விட்ட பணம்.

அக்டோபரிலேயே சொல்லியிருந்தால் மாதம் 13,130 வீதம் ஆறு மாதத்தில் கழிந்திருக்கும். வலிக்கும், ஆனால் வட்டி கிடையாது. சொல்லாமல் ஜூலை கடைசியில் ரிட்டர்ன் போடும்போது மொத்தமாகக் கட்டினால், முன்கூட்டிய வரி கட்டாததற்கான 234பி, 234சி வட்டி ஏழாயிரத்துக்குச் சற்று மேலே வரும். சொல்லாதவர் டிசம்பர் 15-க்குள் முக்கால் பங்கும் மார்ச் 15-க்குள் மீதியும் தானே முன்கூட்டிய வரியாகக் கட்டிவிட்டால், ஜூன், செப்டம்பர் தவணைகள் தவறியதற்கான வட்டி 1,416 ரூபாயோடு முடிந்தது. வாயை மூடிக்கொள்வதற்கான விலை அவ்வளவுதான். சம்பந்தி வாய்க்கு அது மலிவு என்று சொல்பவர்களோடு நான் சண்டை போட மாட்டேன். ஆனால் டிசம்பரில் அறுபதாயிரத்தைத் தனியாக எடுத்து வைக்க முடிகிறவர் எத்தனை பேர்? அந்தக் கட்டுப்பாடு இல்லாதவர் சொல்லிவிடுவதே நல்லது.

புது வரி முறையில் இரண்டு சம்பளமும் வங்கி வட்டியும் சேர்ந்து 12.75 லட்சத்தைத் தாண்டாதவருக்கு இந்த யோசனையே வேண்டாம். சொன்னாலும் வரி இல்லை, சொல்லாவிட்டாலும் இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஷாப் ஃப்ளோரிலிருந்து மாறுகிற பெரும்பாலானவர்கள் இந்தப் பக்கம்தான். அவர்கள் 12பி-யை நிரப்பாமல் திருப்பிக் கொடுக்கலாம்.

நடுவழியும் உண்டு. பல கம்பெனிகளில் சம்பளக் கணக்கை வெளி நிறுவனம் பார்க்கிறது. அதன் போர்ட்டலில் மொத்தச் சம்பளம், பிஎஃப், தொழில் வரி, டிடிஎஸ் என்று நான்கு எண்களைப் போட்டால் போதும். அதை யாரெல்லாம் திறந்து பார்க்கலாம் என்று சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஆஃபர் வாங்கும் முன்பே மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் கொடுத்தவர் இப்போது 12பி-யை மறைப்பது, வாசலைத் திறந்து போட்டுவிட்டு ஜன்னலுக்குத் தாழ் போடுகிற வேலை. ஏஐஎஸ் நகல் கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள். வட்டி, டிவிடெண்ட், பங்கு விற்றது வரை அதில் வந்துவிடும்; வரி பிடிக்க அதெல்லாம் தேவையில்லை.

பழைய வரி முறையில் இருப்பவர் வெளியே விடுவது இன்னும் அதிகம்: வாடகை ரசீது, வீட்டுக்காரரின் பான், வீட்டில் யாருக்காவது மாற்றுத்திறன் சான்றிதழ். இவற்றையும் கம்பெனியிடம் காட்டாமல் நேராக ரிட்டர்னில் கேட்கலாம். பணம் ரீஃபண்டாகத் தாமதமாக வரும், அவ்வளவுதான்.

பிஎஃப் வேறு கதை. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் மாறாத உங்கள் பிஎஃப் அடையாள எண்ணான யுஏஎன்-ஐக் கொடுக்காமல் புதிதாக இன்னொன்று வாங்கினால் பிறகு இரண்டையும் இணைக்க அலைய வேண்டும், அதனால் கொடுத்துவிடுங்கள். பிஎஃப்புக்காகச் சேரும்போது தரும் ஃபார்ம் 11 பழைய பிஎஃப் எண், விலகிய தேதி போன்றவற்றைக் கேட்கிறது, பழைய கம்பெனியில் கடைசியாக வாங்கிய சம்பளத்தை அல்ல. பிஎஃப் தளத்தில் எங்கெங்கே வேலை பார்த்தீர்கள் என்ற பக்கத்தைக் காட்டினால் சரிபார்ப்புக்குப் போதும். பிஎஃப் பாஸ்புக் வேறு: உங்கள் மாதப் பங்கு 1,800 என்றிருந்தால் 15,000 சம்பள உச்சவரம்புக்குப் பிடித்ததாக இருக்கும், அதிலிருந்து எதுவும் தெரியாது. 6,000 என்றிருந்தால் 12 சதவீதக் கணக்கில் உங்கள் அடிப்படைச் சம்பளம் 50,000 என்று யாரும் நொடியில் சொல்லிவிடுவார்கள்.