சைலன்சரை யார் பெயரில் பதிவது: தனிநபர், டிரஸ்ட், எல்எல்சி

அமெரிக்காவில் துப்பாக்கிச் சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர், 16 அங்குலத்துக்குக் குறைந்த குழல் உள்ள ரைஃபிள், 18 அங்குலத்துக்குக் குறைந்த குழல் உள்ள ஷாட்கன், 1986 மே 19-க்கு முன் பதிவான இயந்திரத் துப்பாக்கி எல்லாம் 1934-ஆம் ஆண்டு தேசியத் துப்பாக்கிச் சட்டத்துக்குள் வருபவை. பணத்தைக் கட்டி அன்றே கையோடு எடுத்து வர முடியாது. துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பான ஏடிஎஃப்பின் பதிவேட்டில் உரிமையாளரின் பெயர் ஏறிய பிறகே பொருள் கைக்கு வரும். அந்தப் பெயர் உங்களுடையதா, ஒரு டிரஸ்டுடையதா (பத்திரம் எழுதிச் சிலர் சேர்ந்து சொத்தை வைத்திருக்கும் ஏற்பாடு), ஒரு எல்எல்சி எனும் வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள நிறுவனத்துடையதா என்பதைப் படிவம் நிரப்பும் முன்பே முடிவு செய்ய வேண்டும். பின்னால் மாற்றினால் விண்ணப்பம் மறுபடி முதலிலிருந்து.

இணையத்தில் இன்னும் உலவும் ஒரு பழைய அறிவுரையை முதலில் ஒதுக்கிவிடலாம்: "டிரஸ்ட் போட்டால் கைரேகை வேண்டாம், ஷெரிஃப் கையெழுத்து வேண்டாம்." ஒரு காலத்தில் அது உண்மை. 2016 ஜூலை 13-இல் அமலுக்கு வந்த 41எஃப் விதி அதை முடித்து வைத்தது. அதன்படி டிரஸ்டிலோ நிறுவனத்திலோ பொறுப்புள்ள ஒவ்வொருவரும் 5320.23 என்ற கேள்விப் படிவம், புகைப்படம், இரண்டு கைரேகை அட்டைகள் தர வேண்டும். அதே விதி தனிநபருக்கு இருந்த தலைவலியையும் நீக்கியது. உள்ளூர் காவல் தலைமை அதிகாரியின் ஒப்புதல் இப்போது யாருக்கும் தேவையில்லை. அவருக்கு ஒரு நகல் அனுப்பினால் போதும்.

வரிக் கணக்கும் மாறிவிட்டது. 2026 ஜனவரி 1 முதல் சைலன்சர், குட்டைக் குழல் ரைஃபிள், குட்டைக் குழல் ஷாட்கன் ஆகியவற்றுக்கு வரி பூஜ்யம். இயந்திரத் துப்பாக்கிக்குப் பழைய 200 டாலர் தொடர்கிறது. வரிதான் போனது; பதிவும் பின்னணிச் சோதனையும் அப்படியே இருக்கின்றன.

தனிநபர்

மூன்றில் எளிது இதுதான். ஒருவரின் கைரேகை, ஒருவரின் படம், பொருளை உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்கும் ஒரு பாரம் 4. சோதிக்க வேண்டியவர் ஒருவரே என்பதால் ஒப்புதலும் பெரும்பாலும் சீக்கிரம் வரும்.

சிக்கல் வீட்டுக்குள் தொடங்குகிறது. பதிவு உங்கள் பெயரில் இருந்தால், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மனைவி சுட்டுப் பார்க்கலாம். நீங்கள் ஊருக்குப் போயிருக்கும்போது பெட்டகத்தின் எண் அவருக்குத் தெரிந்திருந்தால், பதிவில்லாத ஒருவர் அதைத் தன் வசம் வைத்திருப்பதாக வாதிட இடம் உண்டு. இந்தச் சட்டத்தை மீறினால் பத்தாண்டு வரை சிறை. வழக்கு வருவது அரிது என்று தைரியம் சொல்பவர்கள் உண்டு. அந்தத் தைரியத்தை நம்பிப் பெட்டகத்தைத் திறந்து வைப்பது புத்திசாலித்தனம் அல்ல. தனி எண் கொண்ட சிறு பெட்டகம் ஒன்று வாங்கினால் பிரச்சினை தீர்ந்தது.

இறப்புக்குப் பின் பொருள் தானாகக் குற்றப்பொருள் ஆகிவிடாது. சொத்தை நிர்வகிப்பவர் பாதுகாத்து வைத்து, பாரம் 5 மூலம் வாரிசுக்கு வரியில்லாமல் மாற்றலாம். ஆனால் அது நீதிமன்ற வழியாக நடக்கும். நிர்வகிப்பவருக்கு இந்தச் சட்டம் தெரியாவிட்டால், நல்லெண்ணத்தில் ஒரு மைத்துனரிடம் தூக்கிக் கொடுத்துவிடுவார். அதுவே குற்றம்.

டிரஸ்ட்

பத்திரத்தில் டிரஸ்டிகளாக, அதாவது டிரஸ்டை நடத்துபவர்களாக, பெயர் உள்ள எவரும், மற்றவர் உடன் இல்லாமலேயே பொருளை வைத்திருக்கலாம், எடுத்துச் செல்லலாம். டிரஸ்ட் போடுவதற்கு இன்று மிஞ்சியிருக்கும் நல்ல காரணம் இதுதான். வாரிசுரிமை ஒழுங்கு இரண்டாவது.

விலை காகிதத்தில். மூன்று டிரஸ்டிகள் என்றால் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் மூன்று கேள்விப் படிவம், மூன்று படம், ஆறு கைரேகை அட்டை. அவரவர் ஊர் காவல் அதிகாரிக்கு அவரவர் நகல். ஒருவர் கைரேகை மங்கலாகப் பதிந்தாலும் எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான். அதனால் பழகியவர்கள் செய்வது இது: தொடக்கத்தில் ஒரே டிரஸ்டியோடு விண்ணப்பித்து, ஒப்புதல் வந்த பிறகு திருத்தப் பத்திரம் எழுதி மனைவியைச் சேர்ப்பார்கள். புதியவர் அடுத்த விண்ணப்பம் வரை ஏடிஎஃப்புக்கு எதுவும் அனுப்ப வேண்டியதில்லை.

யாரைச் சேர்ப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். துப்பாக்கி வைத்திருக்கச் சட்டம் தடுக்கும் ஒருவரை டிரஸ்டியாக்கினால் டிரஸ்ட் அவரைக் காப்பாற்றாது. அமெரிக்கத் தமிழர் குடும்பங்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். கிரீன் கார்டு உள்ள அண்ணன் டிரஸ்டியாகலாம். எச்1பி விசாவில் வந்த தம்பிக்குப் பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விதிவிலக்கு உண்டு. லைசென்ஸ் காலாவதியான அன்றே அந்த விதிவிலக்கும் காலாவதி. தம்பியைப் பயனாளியாக மட்டும் எழுதி, பொருளைக் கையாளும் அதிகாரம் தராமல் விடுவதே பாதுகாப்பு.

பத்திரத்தில் அடிக்கடி காணும் ஓட்டைகள்: நோட்டரி தேதி விண்ணப்பத் தேதிக்குப் பின்னால் இருப்பது, சொத்துப் பட்டியல் வெற்றாக இருப்பது, படிவத்தில் டிரஸ்டின் பெயர் ஓர் எழுத்து மாறுவது. பெயரைச் சுருக்கமாக வையுங்கள். பாரம் 1 மூலம் நீங்களே குட்டைக் குழல் ரைஃபிள் தயாரித்தால், டிரஸ்டின் பெயர், ஊர், மாநிலம் மூன்றையும் குறைந்தது 0.003 அங்குல ஆழத்தில் பொறிக்க வேண்டும். நாற்பது எழுத்துப் பெயரைப் பொறிக்கும்போதுதான் குடும்பப் பெருமையின் நீளம் தெரியும்.

எல்எல்சி

வீட்டு உபயோகத்துக்கு இதைப் பரிந்துரைக்க ஒரு காரணமும் இல்லை. கைரேகையும் படமும் டிரஸ்டைப் போலவே. கூடுதலாக ஆண்டுக் கடமைகள். டெக்சாஸில் தொடங்க 300 டாலர். பிறகு ஆண்டுதோறும் மே 15-க்குள் தகவலறிக்கை. தொடர்ந்து தவறவிட்டால் மாநிலம் நிறுவனத்தின் பதிவையே பறிக்கலாம். அப்போது சைலன்சர், சட்டப்படி இல்லாத ஒருவரின் பெயரில் நிற்கும். நிறுவன விவரங்கள் பொதுப் பதிவேட்டில் எல்லோர் கண்ணிலும் படும். சுடுதளம், பயிற்சி நிலையம் போன்ற உண்மையான தொழில் நடத்துபவருக்கு மட்டும் பொருந்தும்: உறுப்பினர் மாறினாலும் பதிவில் நிற்பது நிறுவனத்தின் பெயர்தான்.

ஆக, தனியாக வசிப்பவர், ஒன்றிரண்டு சைலன்சர் என்றால் தனிநபர் பதிவே போதும். பெட்டகத்தை இருவர் திறக்கும் வீட்டில் டிரஸ்ட். விலையுயர்ந்த இயந்திரத் துப்பாக்கி இருந்தால், தனியாள் என்றாலும் டிரஸ்ட். இயந்திரத் துப்பாக்கியைத் தவறான பெயரில் பதிந்தால் திருத்த இன்னும் 200 டாலர். எதுவானாலும் மாநிலச் சட்டத்தை முதலில் பாருங்கள். கலிபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, இல்லினாய்ஸ் உட்பட எட்டு மாநிலங்களில் பொதுமக்களுக்குச் சைலன்சரே கிடையாது.

ஏற்கெனவே தனிநபராகப் பதிந்தவர்கள் டிரஸ்டின் சொத்துப் பட்டியலில் வரிசை எண்ணை எழுதிவிட்டால் மாற்றம் நடந்ததாக நினைக்கிறார்கள். நடக்காது. உங்களிடமிருந்து டிரஸ்டுக்குப் புதிய பாரம் 4 போட்டு, ஒப்புதல் வந்த பிறகுதான் பட்டியலில் எழுத வேண்டும்.