தலைப்பு ஓரிடத்தில், சான்று வேறிடத்தில்

முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவர்கள் ஆய்வுக் கட்டுரைக்கு நாள் நெருங்கும்போது வந்து நிற்பார்கள். "சார், ஒரு தலைப்பு சொல்லுங்க." சென்ற முறை ஒருவர் கொஞ்சம் முன்னேறி, தாது வருடப் பஞ்சம் என்று தானே முடிவு செய்துகொண்டு வந்தார். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய பஞ்சம். அதை வைத்து முப்பது பக்கத்தில் கட்டுரை எழுத முடியாது, முப்பது புத்தகம் எழுதலாம். சரி, இதையே ஒவ்வொரு இடத்திலும் தேடிப் பார்ப்போம், எது என்ன தருகிறது என்று தெரிந்துவிடும் என உட்கார்ந்தோம்.

முதலில் ஏஐ செயலி. மாணவர்கள் எப்படியும் அங்கேதான் போகிறார்கள், மறைத்துப் பயனில்லை. பத்து விநாடியில் பத்துத் தலைப்புகள் வந்தன. ஏழு சப்பை, மூன்று உருப்படி. அந்த மூன்றில் ஒன்று, பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்கு அரசு தந்த நிவாரண வேலைக்கான கூலி பற்றியது. அப்புறம் "இதற்குச் சான்று கொடு" என்று கேட்டோம். ஆசிரியர் பெயர், ஆய்விதழ், ஆண்டு, பக்க எண் எல்லாவற்றோடும் ஐந்து கட்டுரைகளைக் கொடுத்தது. தேடினால் மூன்று கட்டுரைகள் உலகத்திலேயே இல்லை! 2023இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் இப்படி இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் காட்டி 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். மாணவருக்குப் போவது மதிப்பெண்தான், ஆனாலும் வலிக்கும். டீக்கடையில் பேசும் நண்பர் மாதிரி இதை வைத்துக்கொள்ளலாம். யோசனை கேட்கலாம், சாட்சிக்கு அழைக்க முடியாது. ஒரு விஷயத்தில் மட்டும் நன்றாக உதவியது: பழைய ஆங்கில ஆவணங்களில் திருநெல்வேலி 'டின்னெவெல்லி' என்றும் திருச்சி 'டிரிச்சினோபொலி' என்றும்தான் இருக்கும். இந்த எழுத்துக்கூட்டல்களைக் கேட்டு வாங்கிக்கொண்டால் மற்ற இடங்களில் தேடுவது எளிது.

விக்கிப்பீடியாவை மேற்கோள் காட்டினால் பேராசிரியர்கள் சிவப்பு மை தீட்டுவார்கள். அதற்காக அதைப் படிக்காமல் விடுவது வீண் கௌரவம். நான் கட்டுரையை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அடிக்குறிப்புக்குப் போய்விடுவேன். இந்தப் பஞ்சத்தில் இறந்தோர் எண்ணிக்கை ஓரிடத்தில் 55 லட்சம் என்று இருக்கும், இன்னோரிடத்தில் 82 லட்சம். யார் சொல்வது சரி என்று மாணவர் குழம்பினார். குறைந்த எண் பிரிட்டிஷார் நேரடியாக ஆண்ட பகுதிகளுக்கு மட்டும் உரியது. மைசூர், ஹைதராபாத் போன்ற சமஸ்தானங்கள் அந்தக் கணக்கில் இல்லை. இந்த வேறுபாடே ஒரு கட்டுரைக்குப் போதும் என்றேன். அவருக்குக் கூலி விவகாரம்தான் பிடித்திருந்தது.

அந்த விவகாரம் என்ன? நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார், பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட இந்திய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், அதைத் தின்று உழைத்தால் ஆள் செத்துப்போவான், குறைந்தது ஒன்றரைப் பவுண்டாவது வேண்டும், பருப்பும் வேண்டும் என்று சண்டை போட்டார். அரைப் பவுண்டுச் சண்டை, முப்பது பக்கத்துக்குக் கச்சிதம்.

சான்று தேடுவதில் உண்மையான போட்டி, ஆய்வுக் கட்டுரைகளை மட்டும் தேடித் தரும் கூகுள் ஸ்காலருக்கும் ஆய்வேடுகளின் களஞ்சியமான சோத்கங்காவுக்கும்தான். ஸ்காலரின் பலம், ஒரு நல்ல கட்டுரை கையில் கிடைத்தால் அதை மேற்கோள் காட்டிய பிந்தைய கட்டுரைகளை ஒரே சொடுக்கில் காட்டிவிடும். அடிக்குறிப்பு நம்மைப் பின்னால் இழுத்துச் செல்லும், இது முன்னால் கூட்டிப் போகும். ஆனால் தரம் பார்த்து வடிகட்டாது. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி ஆய்விதழ்களும் அதே வரிசையில் நிற்கும். தமிழில் எழுதப்பட்ட ஆய்வுகள் அதில் குறைவாகவே அகப்படுகின்றன.

அந்த இடத்தில்தான் சோத்கங்கா கைகொடுக்கிறது. காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் களஞ்சியம் இது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. தேடுவதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். தமிழ்த் தலைப்பு சிலவற்றில் தமிழ் எழுத்தில் இருக்கும், சிலவற்றில் ஆங்கில எழுத்தில், அதுவும் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில். பழைய ஆய்வேடுகள் படமாகவோ ஒருங்குறி (யூனிகோடு) அல்லாத எழுத்துருவிலோ இருப்பதால் உள்ளே சொல் தேட முடியாது. இயல்வாரியாகத் தனித்தனிக் கோப்பாக இருப்பதைப் பலர் தொல்லை என்பார்கள். எனக்கு அதுதான் வசதி. முதலில் துணைநூற்பட்டியல் கோப்பைத் திறப்பேன். நான்கைந்து ஆண்டு ஒருவர் அலைந்து சேர்த்த பட்டியல் அது. அடுத்து முடிவுரை, 'மேலாய்வுக்குரிய களங்கள்' என்று கடைசியில் நாலு வரி இருக்கும். அவர் செய்யாமல் விட்டது நமக்குத் தலைப்பு. எல்லா ஆய்வேடும் தரமானது என்று சொல்லமாட்டேன். ஒன்றிலிருந்து ஒன்று எடுத்து எழுதியவை கண்ணில் படும், அச்சுப்பிழை உட்பட.

ஆய்விதழ்க் கட்டுரைகளின் இணைய நூலகமான ஜேஸ்டோரில் இலவசக் கணக்கு தொடங்கினால் மாதம் 100 கட்டுரை வரை இணையத்திலேயே படிக்கலாம். அரசுக் கல்லூரியில் படிப்பவர்கள் ஆய்விதழ்களுக்கு அரசே சந்தா கட்டும், 2025இல் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் தங்கள் கல்லூரிக்கு வந்துவிட்டதா என்று நூலகரிடம் கேட்டுவிடுங்கள்.

ஆனால் இவை எல்லாம் பிறர் சொன்னதைப் பற்றிப் பிறர் சொன்னது. மூலம் வேண்டும் என்றால், பழைய நூல்களை இலவசமாகத் தரும் இணையதளமான இன்டர்நெட் ஆர்க்கைவ். சென்னையில் பத்திரிகை ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி 1878இல் இந்தப் பஞ்சம் பற்றி எழுதிய இரண்டு தொகுதிகளும் அங்கே இருக்கின்றன. டெம்பிள், கார்னிஷ் சண்டை அதில் விரிவாக வருகிறது. டிக்பி நிவாரண நிதிக் குழுவில் செயலாளராக இருந்தவர், அரசை விமர்சித்தவர். ஆகவே அவர் எழுத்திலும் ஒரு சார்பு உண்டு என்பதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டும்.

நேரில் போக முடிந்தால் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், கல்லூரியிலிருந்து கடிதத்தோடு. அதே வட்டாரத்தில் 1896இல் திறந்த கன்னிமாரா நூலகம். தரமணியில் ரோஜா முத்தையா நூலகம். பழைய சென்னையின் குஜிலிக் கடைகளில் காலணா, அரையணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்கள் போன்ற மலிவுப் பதிப்புகளைத் தேட அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அரசு ஆவணத்தில் கூலிக்காரர் வெறும் எண்ணாகத்தான் இருப்பார், அவர் பட்ட பாட்டை இந்த மாதிரிப் பாட்டுகளில்தான் தேட வேண்டும்.

கையில் இரண்டு வாரம்தான் இருக்கிறது என்றால் நான் சோத்கங்காவின் பட்டியலையும் டிக்பியையும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவேன். இரண்டு மாதம் இருந்தால் எழும்பூர்தான். நம் மாணவருக்கு இருந்தது மூன்று வாரம். இரண்டு நாள் எழும்பூர் போய்விட்டு, கையெழுத்து படிக்கத் தெரியவில்லை சார் என்று திரும்பி வந்தார். மூன்றாம் நாள் மறுபடி போனார்.