ரெடிமேட் அக்ரிலிக் டெக்ஸ்சர் பேஸ்ட்: ரோலர் வேலைக்கு நன்று, பளபளப்புக்கு வேண்டாம்

சுவரில் மேடுபள்ள வடிவம் தர, எதையும் கலக்காமல் வாளியிலிருந்து நேரே எடுத்துப் பூசும் இந்தப் பேஸ்ட், 1 முதல் 2 மி.மீ. கனத்தில் அருமையாகப் பிடிக்கிறது. ஒரே பூச்சில் 5 மி.மீ. அப்பினால் வெடித்துவிடும். தண்ணீர் ஆவியாகி இறுகும் பொருள் இது. மேல்பரப்பு முந்திக் காய்ந்துவிட, உள்ளிருக்கும் ஈரம் பிறகு வெளியேறும்போது பேஸ்ட் சுருங்கி மேலே கீறல் விழும். கூடுதல் மேடு வேண்டுமென்றால் முதல் கோட் முழுதும் காய்ந்தபின் இரண்டாவதைப் பூச வேண்டும்.

புள்ளிப் புள்ளியான ரோலர் வேலையில்தான் இதன் அருமை தெரியும். ஒருவர் கரணையால் மேலிருந்து கீழாக ஒரு மீட்டர் அகலத்துக்குப் பரப்ப, இன்னொருவர் உடனே ரோலரை உருட்ட வேண்டும். தனி ஆளாகப் பெரிய சுவரில் இறங்காதீர்கள். ஓரம் காய்ந்தபின் அடுத்த பட்டையைச் சேர்த்தால் இணைப்புக் கோடு தெரியும். பக்கவாட்டு வெளிச்சத்தில் அது இன்னும் துருத்தும். நிறுத்துவதானால் சுவர் மூலையில்தான் நிறுத்த வேண்டும். இழுக்கச் சுலபம் என்று தண்ணீரைக் கூட்டினால் புள்ளிகள் கூர்மை இழந்து சரியும்.

சுவர் சரியில்லை என்றால் எந்தப் பேஸ்ட்டும் நிற்காது. உள்ளங்கையால் தேய்க்கும்போது மாவு ஒட்டினால் பழைய பூச்சைச் சுரண்டி எடுங்கள். ஓதம் இருக்கிறதா என்று பார்க்க, ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு 24 மணி நேரம் ஒட்டிவையுங்கள். உள்பக்கம் நீர் கோத்தால் வேலையைத் தள்ளிவைப்பதே நல்லது. பிரைமரை, அதாவது பேஸ்ட்டுக்கு அடியில் அடிக்கும் பூச்சை, மேல்நிறத்துக்கு நெருக்கமான நிறத்தில் அடித்தால், பேஸ்ட் மெலிந்த இடங்களில் வெள்ளை எட்டிப் பார்க்காது. மாஸ்கிங் டேப்பை ஈரம் இருக்கும்போதே உரித்துவிடுங்கள், காய்ந்தபின் இழுத்தால் ஓரம் பிய்ந்து வரும்.

சலவைக்கல் போன்ற மினுமினுப்பு வேண்டுவோர் இதை வாங்க வேண்டாம். அதற்குச் சுண்ணாம்புப் பூச்சுதான்: மெல்லிய கோட்களாக இழுத்து, எஃகுக் கரணையால் அழுத்தித் தேய்க்கத் தேய்க்கப் பரப்பு மூடி மின்னும். மணல் கலந்த இந்த அக்ரிலிக்கை அப்படித் தேய்த்தால் கோடு கோடாகக் கீறும். அடுப்புக்குப் பின்புறச் சுவரிலும் இது ஒத்துவராது. எண்ணெய்ப் பிசுக்கு பள்ளங்களில் தங்கிவிடும்.

பழுதுபார்ப்பதுதான் இதன் பெரிய குறை. நடுவில் ஒட்டுப்போட்டால் அந்த இடம் தனியாகத் தெரியும், மூலையிலிருந்து மூலைவரை மறுபடி பூச நேரும். ஒரு சுவருக்கான அளவை மீதம் வைத்து, பேஸ்ட்டின் மேல் பிளாஸ்டிக் தாளைப் படியவிட்டு, மூடியை இறுக்கி வையுங்கள்.