ஏலக்காயா, பந்தலா, குரூப் 4-ஆ? அக்கா மகனோடு போட்ட கணக்கு

அக்கா மகனுக்கு 26 வயது. திருப்பூர் பனியன் கம்பெனியில் நாலு வருடம் இருந்துவிட்டு, 3 லட்சத்து 80 ஆயிரம் சேமிப்போடு போன மாதம் கம்பத்தில் வந்து இறங்கினான். மறுநாளே என் கடைக்கு வந்தவன், டீ வரும் முன்பே கேட்டுவிட்டான்.

"மாமா, மூணு வழி இருக்கு. மலைமேல கேரளப் பக்கம் ரெண்டு ஏக்கர் ஏலத்தோட்டம் பாட்டத்துக்கு, அதான் குத்தகைக்கு, வருது. சுருளிப்பட்டியில திராட்சைப் பந்தல் ஒண்ணு குத்தகைக்கு வருது. அம்மா குரூப் 4 எழுதுங்குது. எதுல இறங்கட்டும்?"

எங்கள் பக்கம் துணிச்சல் என்று பேச்செடுத்தால் யாராவது பென்னிகுவிக்கிடம் போய்விடுவார்கள். கட்டக் கட்ட வெள்ளம் அடித்துக்கொண்டு போன முல்லைப் பெரியாறு அணை 1895-ல் நிமிர்ந்து நின்றதே என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு சர்க்கார் இருந்தது. என் மாப்பிள்ளைக்குப் பின்னால் இருப்பது அக்காவின் 5 பவுன் சங்கிலி.

மூன்றிலும் ஜெயித்தால் எவ்வளவு வரும் என்று நோட்டில் எழுதியே கொண்டுவந்திருந்தான். பக்கத்தைத் திருப்பி, "தோத்தா கையில என்ன மிஞ்சும்னு இந்தப் பக்கம் எழுது மாப்ளே" என்றேன். முழித்தான். சரி, நானே சொல்கிறேன் என்று ஏலத்திலிருந்து ஆரம்பித்தேன். அதில் நான் கையைச் சுட்டுக்கொண்டவன்.

ஏலக்காய் மாதிரி ஆசை காட்டும் பயிர் கிடையாது. 2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டம் புற்றடியில், காயை ஏலம் விடும் மையத்தில் ஒரு லாட் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. அந்த வாரம் கம்பத்தில் டீக்கடைக்கு டீக்கடை இதே பேச்சு. அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் அதே காய் ஆயிரத்துக்கும் கீழே வந்ததைப் பற்றி யாரும் அவ்வளவு பேசவில்லை. விலை ஏன் ஏறியது என்பதுதான் முக்கியம். 2018 ஆகஸ்ட் பெருமழையில் இடுக்கித் தோட்டங்கள் சரிந்தன, காய் பிடிக்கும் சரம் அழுகியது, அடுத்த கோடையில் மழை பொய்த்தது. காய் இல்லாததால்தான் விலை. யாரிடம் காய் இல்லை? என்னைப் போன்றவர்களிடம்தான்.

2017-ல் கம்பமெட்டுக்கு அப்பால், கேரளப் பக்கம், ஒன்றரை ஏக்கர் பாட்டத்துக்கு எடுத்திருந்தேன். எல்லாம் ஞள்ளானி ரகச் செடி, நல்ல தண்டு. ஆடியிலிருந்து மாசி வரை நாற்பது, நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு எடுப்பு. ஐந்து கிலோ பச்சைக்காய், ஸ்டோர் என்கிற உலர்த்தும் கூடத்தில் உலர்ந்து வந்தால் ஒரு கிலோ தேறும். முதல் வருடம், மலையில் விளைவதை வாங்கும் மலஞ்சரக்குக் கடையில் கிலோ ஆயிரத்தை ஒட்டிப் போட்டேன். மருந்து, கூலி, உலர்த்துகூலி எல்லாம் போக 60 ஆயிரம் நின்றது. இரண்டாம் வருடம் மழை. ஒரு காலை மேலே போய்ப் பார்த்தால், செடியடியில் கிடந்த சரங்கள் எல்லாம் கறுத்து, காயைத் தொட்டால் கூழாக விரலோடு வந்தது. அந்த வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது. கடன் வாங்கி மறுபடி கவாத்து செய்து, உரம் போட்டு, செடியைத் தேற்றினேன். தேறி வரும் நேரம் விலையும் ஏறியது.

அப்போதுதான் தோட்டக்காரர் வந்து, "மகன் சொந்தமா செய்யணும்ங்கறான்" என்றார். ஐந்து வருடம் என்று பேசியது வாய்ப்பேச்சு. கையில் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது.

இதில் அவரை மட்டும் திட்டிப் பயனில்லை. கேரளத்தில் 1963-ன் நிலச் சீர்திருத்தச் சட்டம் புதிதாகக் குத்தகை உரிமை உண்டாக்குவதையே தடுக்கிறது. குத்தகைக்கு விட்டால் நிலம் குடியானவனுக்குப் போய்விடுமோ என்ற பழைய பயம் நில உடமைக்காரர்களுக்கு இன்னும் உண்டு. அதனால் பாட்டம் என்பது பெரும்பாலும் நம்பிக்கைக் கணக்கு. விலை படுத்திருக்கும்வரை நம்பிக்கை நிற்கும். மழையும் விலையும் என்னைக் காயப்படுத்தின, உண்மைதான். ஆனால் கவிழ்த்தது எழுதாத பேச்சு. அதை நான் ரிஸ்க் என்றே கணக்கில் சேர்த்திருக்கவில்லை.

"அப்ப ஏலம் வேண்டாம்ங்கறீங்களா?" என்றான்.

வேண்டாம் என்று சொல்லவில்லை. தோற்றாலும் தொழில் கையில் மிஞ்சியது. செடியைப் பார்த்தே நோயைச் சொல்வேன். காயைக் கையில் அள்ளினால் தரம் தெரியும். இப்போது நடத்தும் கடையே அந்தப் படிப்பில் வந்ததுதான். ஆனால் அதைப் படிக்க 4 லட்சம் கட்டியிருக்க வேண்டியதில்லை. தினமும் விடிகாலையில் கம்பத்திலிருந்து மலைக்கு ஜீப் போகிறது. ஒரு சீசன் காய் எடுக்கப் போயிருந்தால் கூலியும் வாங்கி, பாதியைக் கற்றிருப்பேன்.

அப்புறம் பந்தல். பன்னீர் திராட்சைக்கு ஏலக்காயின் கிறுக்கு கிடையாது. அதற்கென்று சில்லறைக் குறும்புகள் உண்டு. கவாத்து செய்து ஏறத்தாழ நாலு மாதத்தில் பழம், இரண்டு வருடத்தில் ஐந்து அறுவடை. பெரும்பாலான ஊர்களில் திராட்சைக்கு ஒரு சீசன்தான், இங்கே வருடம் பூராவும் எங்காவது ஒரு பந்தலில் பழம் தொங்கும். 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் வந்தது. அதற்காக வியாபாரி கூடுதலாக ஒரு ரூபாய் கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை. ஐப்பசி மழை பழுக்கிற நேரத்தில் பிடித்துக்கொண்டால் பழம் வெடிக்கும், அடிச்சாம்பல் நோய் வரும். பழம் தாங்காது, வெட்டினால் வண்டி ஏற வேண்டும், வியாபாரி சொன்னதுதான் விலை.

இருந்தாலும் எனக்குப் பந்தலில் பிடித்தது, தோல்வி சீக்கிரம் வந்துவிடும் என்பது. ஒரு அறுவடை போனால் நாலு மாத உழைப்பும் மருந்துக் காசும் போகும். தப்பு என்னவென்று பார்த்து அடுத்த கவாத்தில் திருத்தலாம். ஏலத்தில் தப்பு தெரியவே மூன்று வருடம் ஆகும். ஒன்று மட்டும், சொந்தமாகப் பந்தல் போடுகிறேன் என்று கிளம்பக் கூடாது. கல்தூணும் கம்பியுமே அவன் சேமிப்பை விழுங்கிவிடும். இருக்கிற பந்தலைக் குத்தகைக்கு எடுக்க வேண்டும். நம் பக்கம் குத்தகையை எழுதலாம். ஒரே மலையின் இரண்டு பக்கம், பத்திரம் எழுத முடிகிற பக்கமும் முடியாத பக்கமும். எனக்குப் பெரிய வித்தியாசம் அதுதான்.

குரூப் 4-ஐப் பற்றி அதிகம் சொல்ல என்னிடம் இல்லை. அதை ரிஸ்க்கே இல்லாத வழி என்று அக்கா நினைக்கிறாள். 2024-ல் முதலில் அறிவித்த இடங்கள் 6,244, விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். பணம் அதிகம் போகாது, வருடம் போகும். எங்கள் தெருவிலேயே ஒருவர் ஏழாவது முறை எழுதி வேலைக்குப் போனார். மாலை போட்டோம். நாலைந்து முறை எழுதி விட்டுவிட்டவர்களுக்கு யாரும் மாலை போடுவதில்லை, அதனால் எண்ணிக்கையும் தெரிவதில்லை. விளைச்சல் போனால் கடன்காரன் வீட்டு வாசலில் நிற்பான், ஊருக்கே தெரியும். வயது போனால் யார் வந்து நிற்கிறார்கள்?

இவ்வளவு சொன்ன பிறகுதான் முதலில் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

"உனக்கு என்னதான் வேணும்?"

கொஞ்ச நேரம் கிளாஸைச் சுற்றிக்கொண்டே இருந்தான். "நாப்பது வயசுக்குள்ள என் பேர்ல ஒரு ஏக்கர். அதுல யாரும் என்னை எந்திரின்னு சொல்லக் கூடாது."

அதைக் கேட்டதும் எனக்கு நோட்டு எளிதாகிவிட்டது. சர்க்கார் வேலை நல்ல வேலைதான், ஆனால் அவன் ஆசைக்கு அது சுற்றுவழி. 'எந்திரி' என்று எந்த நேரமும் சொல்லக்கூடிய இடத்தில் மொத்தப் பணத்தையும் போடுவது அவன் ஆசைக்கே எதிர். ஆகவே என் தேர்வு பந்தல். அதுவும் முழுசாக இல்லை. 60 சென்ட், 11 மாதம், இரண்டு அறுவடை. ஒரு லட்சத்தைத் தாண்டாமல் இறங்கு, 2 லட்சத்தை அஞ்சலகத்தில் போட்டு மறந்துவிடு, மீதி மருந்துக்கும் கூலிக்கும். பந்தல் ஓய்வில் இருக்கிற நாட்களில் ஜீப் ஏறி காய் எடுக்கப் போ. அக்காவின் சங்கிலி அக்கா கழுத்திலேயே இருக்கட்டும்.

அவன் முகம் வாடித்தான் போனது. இரண்டு ஏக்கரும் 7,000 ரூபாயும் கண்ணில் வைத்திருந்தவனுக்கு 60 சென்ட் கேலி மாதிரித்தான் இருந்திருக்கும். அக்காவோ போனில், "அப்ப பரீட்சை?" என்றாள். எழுதட்டும், யார் வேண்டாம் என்றது? பந்தலுக்கு அடியில் நிழல்தானே.

வெள்ளிக்கிழமை சுருளிப்பட்டி போனோம். பந்தல்காரர் நல்ல மனிதர். பாயைப் போட்டு உட்காரவைத்து, மோர் கொடுத்தார். தொகை பேசி முடிந்தது. நான் பையிலிருந்து முத்திரைத்தாளை எடுத்ததும் சிரித்துவிட்டார்.

"நமக்குள்ள என்னத்துக்குங்க பத்திரமெல்லாம்?"

மருமகன் என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. அவனே பேனா மூடியைக் கழற்றி, "உங்க பேரு, அப்பா பேரு சொல்லுங்கய்யா" என்றான்.