பெரிய மார்க்கெட் பக்கத்துக் கல் கடை: குண்டு பல்பு வைத்திருப்பவரிடம் வாங்குங்கள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நகைப் பட்டறை வைத்திருக்கிறேன். பிரான்சில் இருக்கும் பேத்திக்கு ஜூன் மாதப் பிறந்த நாள், அந்த மாதத்துக்குரிய கல்லான, வெளிச்சத்துக்கேற்ப நிறம் மாறும் அலெக்சாண்டிரைட்டில்தான் மோதிரம் வேண்டும் என்று வாடிக்கைக்கார அம்மா ஒருவர் பிடிவாதமாக நின்றார். நவரத்தினம் என்றால் உள்ளூரிலேயே முடித்துவிடலாம். இதற்குப் புதுச்சேரி போக வேண்டியதாயிற்று.

கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. பெரிய மார்க்கெட்டை ஒட்டிய சந்தில், பாத்திரக் கடைக்கு மேல் மாடி. இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாமவர் படியில் நிற்க வேண்டும். முதலாளி முதலில் ஐந்து கேரட் கல் ஒன்றை எடுத்து வைத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் நீலச் சாம்பல். விளக்கில் கத்தரிப்பூ நிறம். "பத்தரே, அலெக்சாண்டிரைட் என்று பலர் விற்பது இதைத்தான். வனேடியம் என்ற உலோகத்தைச் சேர்த்து உருக்கிச் செய்த குருந்தம், மாணிக்கம், நீலக்கல் இனம். லென்சில் பாருங்கள்" என்றார். இசைத்தட்டில் இருப்பதுபோல் வளைந்த கோடுகள். மண்ணில் விளைந்த கல்லில் கோடு அப்படி வளையாது.

பிறகுதான் பொட்டலத்தைப் பிரித்தார். அரை கேரட்டுக்கும் குறைவு. ஜன்னலோரம் நீலம் கலந்த பச்சை. மேசையில் இருந்த பழைய குண்டு பல்பைப் போட்டதும் ஊதா கலந்த சிவப்பு. கூரையில் இருந்த எல்.இ.டி. வெளிச்சத்திலோ இரண்டுங்கெட்டான் நிறம். அந்த வெள்ளை விளக்கை மட்டும் காட்டும் கடையில் இந்தக் கல்லை வாங்கவே கூடாது என்பது என் கட்சி.

வைடூரியமும் இதுவும் ஒரே இனம், கிரைசோபெரில். அதில் சில இடங்களில் அலுமினியத்துக்குப் பதிலாகக் குரோமியம் புகுந்துகொள்கிறது. அது மஞ்சள் ஒளியை விழுங்கி, பச்சையையும் சிவப்பையும் விட்டுவிடுகிறது. வெளிச்சத்தில் எது மிகுதியோ அதுவே கண்ணில் படும். ஆனால் இந்தக் கல் விளைய வேண்டிய இன்னொரு தனிமமான பெரிலியம் கிரானைட் வகைப் பாறையோடு வருவது, குரோமியம் வேறு வகைக் கரும்பாறையில் இருப்பது. இரண்டும் சந்திப்பதே அபூர்வம். சந்தித்த இடத்திலும் மணலில் இருக்கும் சிலிக்கா தாராளமாக இருந்தால் மரகதம் விளைந்துவிடும். 1830களில் ரஷ்யாவின் யூரல் மலையில், மரகதச் சுரங்கப் பகுதியில்தான் இது முதலில் கிடைத்தது; பட்டத்து இளவரசர் அலெக்சாண்டரின் பெயரை வைத்தார்கள். பிரேசில், இலங்கை, நம் ஆந்திரம், ஒடிசாவிலும் கிடைக்கிறது. இந்தக் கல் ஆந்திரத்துச் சரக்கு என்றார். ஊர்க் கதைக்கு நான் காசு கொடுப்பதில்லை, கேட்டுக்கொண்டேன்.

கடினம் பத்துக்கு 8.5. மரகதம் பதித்து, கல்லைப் பிடிக்கும் உலோக நகத்தை மடக்கும்போது எங்கே விரிசல் விழுமோ என்று கை தயங்கும். இதில் அந்தப் பயமே இல்லை.

குறை? விலையில் ஒரு ரூபாய் இறங்கமாட்டார். மதியம் கடையை அடைத்துவிட்டு நான்கு மணிக்குத்தான் திறப்பார். ஆய்வகச் சான்றிதழ்ச் செலவு நம் தலையில். ஆனால் செயற்கை என்று வந்தால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும் என்று பில்லில் கைப்பட எழுதிக் கொடுத்தார். இயற்கைக் கல் என்றே சான்றிதழ் வந்தது.

காலையிலேயே போங்கள். இருட்டிய பிறகு போனால் பச்சை நிறத்தை அவர் வாய்ச்சொல்லில்தான் பார்க்க வேண்டும்.