குடைக்கோரையா, பாப்பிரஸா?

இரண்டும் கோரை இனம்தான். புல்லின் தண்டில் கணு உண்டு, பெரும்பாலும் உள்ளே வெற்றிடம். இவற்றிலோ கணுவே தெரியாது, உள்ளே வெண்பஞ்சு போன்ற சதை நிறைந்திருக்கும்.

பிரித்தறிய உச்சியைப் பாருங்கள். குடைக்கோரையில் பட்டையான இலைகள் குடைக்கம்பிபோல் விரியும். உயரம் 1 முதல் 1.5 மீட்டர். பாப்பிரஸில் நூல் நூலான கதிர்கள் பந்தாகத் தொங்கும். 3 மீட்டரையும் தாண்டும், பலத்த காற்றில் தண்டு ஒடியும்.

பெருக்குவதில்தான் பெரிய வேறுபாடு. குடைக்கோரையின் உச்சியை 5 செ.மீ. தண்டோடு வெட்டி, இலைகளைப் பாதியாக நறுக்கி, தலைகீழாகத் தண்ணீரில் மிதக்கவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் வேர்விடும். பாப்பிரஸுக்குக் கிழங்கைப் பிரிப்பதே நம்பகமான வழி. ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று குருத்து இருக்கட்டும்.

பாப்பிரஸுக்கு முழு வெயில் வேண்டும், உறைபனி ஆகாது. குடைக்கோரை அரைநிழலிலும் வளரும். நுனி பழுப்பானால் உரத்தைத் தேடாதீர்கள், முதலில் மண் காய்ந்ததா என்று பாருங்கள். தொட்டியின் கீழ்த்தட்டில் எப்போதும் தண்ணீர் நிற்கட்டும்.

சிறு தோட்டத்துக்குக் குடைக்கோரையே போதும். ஆனால் ஓடைக்கரையில் நடாதீர்கள், பரவிவிடும்.