6,500 ராண்ட் கட்டி வாங்கிய "நாங்கள்": டர்பனில் ஒரு இன்ஜினியர் பதிவு ஏஜென்சி

பெயர் சொல்லப் போவதில்லை. டர்பனில் இருக்கும் ஒரு ஏஜென்சி, எக்சாவில் (தென்னாப்பிரிக்காவின் இன்ஜினியர்களைப் பதிவு செய்யும் கவுன்சில்) ப்ரொஃபஷனல் இன்ஜினியராகப் பதிவு செய்ய விண்ணப்பம் முழுவதையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று நம் ஆட்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி விளம்பரம் போடுவார்கள். நானும் 6,500 ராண்ட் கட்டினேன். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். அந்த இரண்டும் கடைசியில் நடந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும்தான், அதற்கு வருகிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. இங்கே ஸ்ட்ரக்சுரலுக்கென்று, அதாவது கட்டடம் தாங்குமா என்று பார்த்து வடிவமைக்கும் வேலைக்கென்று, தனி லைசென்ஸ் கிடையாது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலம் 1915லேயே அதற்குத் தனியாக லைசென்ஸ் கொண்டுவந்துவிட்டது. சிகாகோவில் இருக்கும் என் வகுப்புத் தோழன் நான்கு பகுதியாக நடக்கும் அந்தத் தேர்வுக்கு (2024 முதல் எல்லாம் கம்ப்யூட்டரில்) ராப்பகலாகப் படித்துக்கொண்டிருக்கிறான். நமக்கு சிவில் பிரிவில் பதிவு, எழுத்துத் தேர்வே இல்லை. கேட்டதும் நான் சந்தோஷப்பட்டேன். தேர்வு இருந்திருந்தால் உருப்போட்டு எழுதித் தொலைத்திருக்கலாம் என்பது பிறகுதான் புரிந்தது. இங்கே செய்த வேலையை நாமே விவரித்து எழுத வேண்டும், நம் வேலையை அறிந்த, ஏற்கனவே பதிவு பெற்ற இன்ஜினியர்கள் அதற்குப் பொறுப்பாகப் பேச வேண்டும், அப்புறம் எதிரே உட்காரவைத்துத் துருவுவார்கள்.

முதல் கோளாறு என் பட்டத்தில். "இந்தியா வாஷிங்டன் உடன்படிக்கையில் இருக்கிறது சார், பிரச்சினையே வராது" என்றார்கள் போனில். உறுப்பு நாடுகள் ஒன்றின் இன்ஜினியரிங் பட்டத்தை மற்றொன்று ஏற்றுக்கொள்ளும் உடன்படிக்கை அது. தென்னாப்பிரிக்கா அதில் 1999லிருந்து இருக்கிறது, சரி. இந்தியா முழு உறுப்பினரானது 2014 ஜூனில், நான் படித்து முடித்தது 2009. அதுவும் இந்தியப் பட்டம் எல்லாமே அதில் அடங்காது, என்பிஏ (இந்தியாவின் தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற குறிப்பிட்ட வகைப் படிப்புகள் மட்டும்தான். ஆக என் பட்டத்தைத் தனியாக மதிப்பீடு செய்ய வேண்டியதாயிற்று, ஊரில் அண்ணன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு மதிப்பெண் சான்றுக்காகக் கல்லூரிக்கு இரண்டு தடவை அலைந்தார். பட்டம் வாங்கிய வருஷம் என்ன என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். இதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கு அது தோன்றவில்லை.

சரி, அதைக்கூட விட்டுவிடலாம். பெரிய கூத்து அனுபவ அறிக்கையில்தான். ஒவ்வொரு காலகட்டத்திலும் என்ன வேலை, எவ்வளவு பொறுப்பு என்று ஏ முதல் ஈ வரை நிலை போட வேண்டும். ஏ என்றால் பக்கத்தில் நின்று பார்த்தது, ஈ என்றால் மேற்பார்வை இல்லாமல் நாமே பொறுப்பேற்றுச் செய்தது. ஏஜென்சி எனக்கு வேலையில் சேர்ந்த முதல் ஆறு மாதத்துக்கே ஈ போட்டிருந்தது! அந்த ஆறு மாதமும் நான் செய்தது சீனியர் கொடுத்த படத்தில் கம்பி எண்ணியது.

அறிக்கையை நான் எழுதிக்கொடுத்தேன், அவர்கள் "மெருகேற்றினார்கள்". 2022 ஏப்ரலில் டர்பனில் வந்த வெள்ளத்துக்குப் பிறகு இங்கே பெரீயா பக்கம் ஒரு வீட்டின் தாங்குசுவர் சாய்ந்தது. அங்கே சிவப்பு மணல், காய்ந்திருக்கும்வரை கல் மாதிரி நிற்கும், தண்ணீர் இறங்கினால் பொலபொலவென்று போய்விடும். சுவருக்குப் பின்னால் வடிகால் அடைத்துப்போயிருந்ததைக் கண்டுபிடித்தது நான். பழைய சுவரை ஒட்டியே கட்டாமல் அஸ்திவாரத்தைத் தள்ளிப் போடலாம் என்று சொன்னதும் நான்தான், அதற்காகப் பாஸிடம் திட்டும் வாங்கினேன். திரும்பி வந்த அறிக்கையில் "குழுவினரால் ஆய்வு மேற்கொள்ளப்பட்டது, பொருத்தமான தீர்வு வடிவமைக்கப்பட்டது" என்று இருந்தது. அழகான ஆங்கிலம். அதில் நான் எங்கே?

அவர்களை மட்டும் சொல்லிக் குற்றமில்லை, நான் கொடுத்த பிரதியிலேயே பாதி "நாங்கள்"தான். நம் வளர்ப்பு அப்படி, நான் செய்தேன் என்று எழுதினால் தம்பட்டம் மாதிரி கை கூசுகிறது. ஆனால் அதைப் பிடித்துத் திருத்தத்தானே காசு கொடுத்தேன், மிச்சமிருந்த நானையும் அல்லவா எடுத்துவிட்டார்கள்.

அந்தத் தவறைப் பிடித்தவர் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும், ரிட்டயரான ஒரு இன்ஜினியர் அங்கிள், கோயிலில் பழக்கம். இங்கேயே பிறந்து வளர்ந்தவர். அவருக்குத் தெரிந்த தமிழ் "தம்பி", "ஐயோ", "சாப்பிடு" அளவுதான், மூன்றும் என் அறிக்கை படித்த மத்தியானத்தில் பயன்பட்டன. சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு "குழு"வையும் சுழித்து, ஓரத்தில் "யார்?" என்று எழுதினார். பதினேழு இடம். மூன்று வாரம் உட்கார்ந்து மறுபடி எழுதினேன், ஈ நிலை கடைசி இரண்டு வருஷத்துக்கு மட்டும் மிஞ்சியது. போனது அவ்வளவாக வலிக்கவில்லை.

இனி அந்த இரண்டு நட்சத்திரம். ஏஜென்சியின் மாதிரி நேர்காணல் நிஜமாகவே நன்றாக இருந்தது. நடத்தியது சைட்டில் வருஷக்கணக்கில் வெயில் தின்ற ஒரு அம்மா, அறிக்கை எழுதும் கோஷ்டிக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருந்தது. கணக்கு எதுவும் கேட்கவில்லை. டர்பன் பக்கத்தில் கட்டிக்கொண்டிருக்கும்போதே 2013 நவம்பரில் இடிந்த டோங்காட் ஷாப்பிங் மாலைப் பற்றிக் கேட்டார். இரண்டு பேர் செத்து 29 பேர் காயம்பட்ட அந்தக் கட்டடத்தில், வேலையை நிறுத்தச் சொல்லி மாநகராட்சி ஏற்கனவே கோர்ட் உத்தரவு வாங்கியிருந்தது. "அந்த சைட்டில் நீங்கள் ஜூனியர். காலையில் கான்கிரீட் லாரி வந்து நிற்கிறது. என்ன செய்வீர்கள்?" நான் "நாங்கள்" என்று ஆரம்பித்தேன். கை காட்டி நிறுத்திவிட்டார். அந்த ஒரு மணி நேரத்தில் நாலு தடவை நிறுத்தினார். உண்மையான நேர்காணலில் நான் ஒழுங்காகப் பேசினேன் என்றால் பாதி அவர் புண்ணியம்.

பதிவு கிடைத்துவிட்டது, அதனால்தான் ஏஜென்சி நம்பர் கேட்டுத் தினமும் யாராவது மெசேஜ் போடுகிறீர்கள். தருகிறேன். மாதிரி நேர்காணலை மட்டும் தனியாக 900 ராண்டுக்குத் தருகிறார்கள், விளம்பரத்தில் இருக்காது, கேட்டால்தான் சொல்வார்கள். முழுப் பேக்கேஜ் எடுத்தால்தான் உண்டு என்று முதலில் இழுப்பார்கள், மசியாதீர்கள்.